பச்சை வட்டம்

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

காகிதத்தில் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. போனில் தட்டினால் அது எண்ணுகிறது. எத்தனை எழுத்து அடித்தேன், எத்தனையை அழித்தேன், எந்த நேரத்தில் விழித்திருந்தேன், எல்லாம் கணக்கில் போகுமாம். உன்னிடம் போய் இதைச் சொல்கிறேன் பார். உங்கள் கம்பெனி செய்ததுதானே அது.

ஏழு மாதமாக நாம் பேசவில்லை. அம்மா போன மறுநாள் அத்தனை பேர் நடுவில் நீ, "அம்மாவுக்கு இருந்தது தலைவலி இல்லை"ன்னு சொன்னதும், நான் வயிற்றில் பிள்ளையோடு நின்று உன்னை வெளியே போகச் சொன்னதும் அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றி எழுத இப்போது தெம்பு இல்லை. எனக்குப் பெண் பிறந்து, நீ பெரியம்மா ஆகிப் பதினோரு வாரம் ஆகிறது. காது உன் காது. அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது ஒரு பெண் என் போனை வாங்கி ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தாள். காலை ஒன்பது மணிக்கு மணி அடிக்கும். 'இன்று எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்கும். ஒரு நிமிடம் பேச வேண்டும். பேசினால் ஒரு வட்டம் வரும். பச்சை, மஞ்சள், சிவப்பு. குரலையும் தூக்கத்தையும் நடையையும் சேர்த்துப் பார்த்து, பிள்ளை பெற்றவளுக்கு மனச்சோர்வு வரப்போகிறதா என்று முன்கூட்டியே சொல்லிவிடுமாம். நூற்றுக்கு எண்பத்தேழு முறை சரியாகச் சொல்லும் என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். நான் புள்ளியியல் படித்தவள். எண்பத்தேழு என்றதும் மீதிப் பதின்மூன்று பேர் எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்றுதான் யோசித்தேன்.

குடும்பத்தில் ஒருவர் எண்ணையும் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் டேங்கர் லாரியோடு வாரத்தில் ஐந்து நாள் ரோட்டில். அதனால் அத்தையின் எண்ணைக் கொடுத்தோம். இப்போது என் மாமியார் தினமும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மழை வருமா என்று பார்ப்பதுபோல என் நிறத்தைப் பார்க்கிறார்கள். பன்னிரண்டு நாளாக மஞ்சள். மூன்று நாள் தொடர்ந்து சிவப்பானால் நர்ஸ் ஒரு படிவத்தோடு வீட்டுக்கு வருவாராம். எதிர் வீட்டு டீச்சருக்குத் தெரிந்த ஒரு பெண் சிவப்பாகி, பிள்ளையை ஒரு மாதம் மாமியாரிடம் விட்டு வைத்தார்களாம். நிஜமோ பொய்யோ. கேட்டதிலிருந்து ஒன்பது மணி நெருங்கினாலே கடிகாரத்தைத்தான் பார்க்கிறேன்.

படிவத்தில், 'குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா?' என்று இருந்தது. இல்லை என்று குறித்தேன். அம்மாவுக்குத் தலைவலி. அவ்வளவுதானே.

நீ அங்கே வேலை செய்கிறாய். அது எதை எண்ணுகிறது என்று உனக்குத் தெரியும். எனக்குக் குணமாக வழி கேட்கவில்லை, பாஸ் ஆக வழி கேட்கிறேன். பரீட்சைக்கு முன் எந்தக் கேள்வி வரும் என்று சொல்லித் தருவாயே, அந்த மாதிரி.

சின்ன வயதில் ரெண்டு நாள் நமக்கு மட்டும் லீவு விட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? வெறும் பிஸ்கட் சாப்பிட்டோம். சுவரில் படம் போட விட்டாய். நேற்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அந்த ரெண்டு நாள்தான் ரொம்ப நல்லா இருந்தது என்று தோன்றுகிறது.

சுண்டு


பிப்ரவரி 14

சுண்டு,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறியதுபோலத்தான் இருக்கிறது.

நீ கேட்டதைச் சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வெளியே தெரிந்தால் வேலை போகும்.

என் வேலை என்னவென்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாரென்று தெரியாத குரல்களைக் கேட்பது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்றுவரை ஒரு எண் போடுவது. பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை, மூன்று என்றால் உடனே ஆள் போக வேண்டும். நாங்கள் போடுகிற எண்ணைப் பார்த்துத்தான் மெஷின் கற்றுக்கொள்கிறது. அதற்குச் சந்தேகம் வந்தால் இரண்டு பேர் கேட்பார்கள். அவர்களும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆள் முடிவு சொல்வார். அந்த மூன்றாவது நாற்காலி இரண்டு வருடமாக என்னுடையது. ஒரு நாளைக்கு நானூறு குரல். வீட்டுக்கு வந்தால் டி.வி.யில் செய்தி வாசிப்பவருக்கும் எண் போடுகிறேன்.

சரி, கேள். படித்ததும் கிழித்துவிடு.

பேசும்போது நடுவே இரண்டு நொடிக்கு மேல் நிறுத்தாதே. அதற்கு மௌனம்தான் முதல் எதிரி. 'நான்' என்று தொடங்காதே. பாப்பா என்று தொடங்கு, மழை என்று தொடங்கு. வாக்கியத்தின் வாலைக் கீழே விடாமல் தூக்கி முடி. இரவில் போனைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிடு. அது அசையாவிட்டால் நீ தூங்கினாய் என்று நினைக்கும். உன் மாமியார் கடைக்குப் போனால் உன் போனையும் பையில் போட்டு அனுப்பு. ஒன்பது மணிக்கு முன் வெந்நீர் குடி, குரல் திறக்கும்.

ஒரு வாரத்தில் பச்சை வரும். பிள்ளை பெற்ற எல்லோருக்கும் முதலில் மூன்று மாதம் இப்படித்தான் இருக்கும். நீ சின்ன விஷயத்துக்கும் பெரிதாகப் பயப்படுகிறவள்.

லீவு ஞாபகம் இருக்கிறது.

பெரியவள்


மார்ச் 1

அக்கா,

பச்சை. ஒன்பது நாளாகப் பச்சை.

நீ சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். அத்தை கடைக்கும் மருந்துக்கும் நடந்த மூவாயிரம் அடியும் என் சந்தோஷமாகப் பதிவாயிற்று. காலையில் சமையலறையில் நின்று, "பாப்பா இன்னைக்கு சிரிச்சா, வெளியே நல்ல வெயில், துணி சீக்கிரம் காஞ்சிடும்"னு ரேடியோக்காரி மாதிரிப் பேசுகிறேன். முதல் நாள் பச்சை வந்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. பரீட்சையில் காப்பியடித்து வாங்கிய மார்க்கைப் பார்த்த மாதிரி.

ஆனால் இப்போது வீட்டில் எல்லாம் அந்த வட்டம்தான். மத்தியானம் கொஞ்சம் படுத்தால் அத்தை வாசலில் வந்து நிற்கிறார்கள். "அதான் பச்சையா இருக்கே. மெஷினே நல்லா இருக்கேன்னு சொல்லுது, உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?" கெட்டவர்கள் இல்லை அக்கா. முழங்கால் வலியோடு பிள்ளைத் துணியெல்லாம் அவர்கள்தான் அலசுகிறார்கள். அவர்களுக்கும் ஓய்வு வேண்டும், மஞ்சளாக இருந்தபோது அவர்களே பாப்பாவைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள், பச்சையானதும் கையில் கொடுத்துவிட்டார்கள். முன்பெல்லாம் இவர் ரோட்டிலிருந்து கூப்பிட்டால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்பார். இப்போது, "பச்சைதானே? சரி, வெச்சிடறேன்" என்கிறார்.

பாப்பா அழுதால் எனக்குக் கேட்கிறது. அழுது முடிந்து வெகு நேரம் கழித்துத்தான் அது என்னைக் கூப்பிட்டது என்று புரிகிறது. முந்தாநாள் பால் பாட்டிலைக் கழுவக் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருக்கிறேன். அத்தை வந்து என் கால் நனைந்திருப்பதைக் காட்டினார்கள்.

இது எல்லோருக்கும் இருப்பதுதானா? உனக்குத் தெரிந்த நானூறு பேரில் எத்தனை பேருக்குக் கால் நனைந்தது தெரியவில்லை?

சுண்டு


மார்ச் 8

சுண்டு,

இங்கே ஆள் குறைத்துவிட்டார்கள், அறுநூறு குரல் ஓடுகிறது. விவரமாக எழுத நேரமில்லை. பச்சையைக் காப்பாற்று. இன்னும் ஆறு வாரம் ஓட்டினால் ஆப் தானாக நின்றுவிடும். குழாய் விஷயமெல்லாம் தூக்கமில்லாத அசதி.

பாப்பாவின் போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு.

பெரியவள்


மார்ச் 20

அக்கா,

எனக்குப் பாஸ் ஆக வேண்டாம். முந்திய கடிதத்தில் நான் கேட்டதுக்கு நீ பதில் சொல்லவில்லை. அதனால் மெஷினிடம் கேட்டேன்.

திங்கட்கிழமை வெந்நீர் குடிக்கவில்லை. நின்று பேசவில்லை. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளதைச் சொன்னேன். மஞ்சள் வந்தது. செவ்வாயும் சொன்னேன். மஞ்சள். அன்றைக்குப் பார்த்து அத்தை என் போனை எடுத்துக்கொண்டு வெகு தூரம் நடந்திருந்தார்கள், இல்லாவிட்டால் சிவப்பே வந்திருக்கும். புதன்கிழமை என்ன சொன்னேன் என்று அப்படியே எழுதுகிறேன்.

"நான் நல்லா இல்லை. எனக்கு இந்தப் பிள்ளை மேல கோபம் இல்லை, ஒண்ணுமே இல்லை. என்னைத் தவிர வேற யாரு கையில இருந்தாலும் இது நல்லா இருக்கும்னு தோணுது. தினமும் தோணுது. யாராவது வந்து பாருங்க."

பேசி முடித்ததும் வட்டம் வரவில்லை. 'உங்கள் பதிவை எங்கள் நிபுணர் ஒருவர் கேட்கிறார்' என்று வந்தது. நான் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்து அழுதேன். ஏன் அழுதேன் தெரியுமா? யாரோ கேட்கிறார்கள் என்று. சிவப்பு வரட்டும், நர்ஸ் வரட்டும், படிவத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். தலையை வாரிக்கொண்டு நர்ஸுக்காகக் கூடத்தை ஒதுக்கி வைத்தேன்.

வியாழக்கிழமை பச்சை வந்தது.

மெஷின் தப்பாகச் சொன்னால் பதின்மூன்றில் நான் ஒருத்தி என்று விட்டுவிடுவேன். ஆனால் இதை ஒரு மனுஷர் கேட்டிருக்கிறார். காதில் மாட்டிக்கொண்டு என் குரலைக் கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறார். அவர் உன் ஆபீஸில்தானே இருப்பார்? பேர் வேண்டாம். என்னிடம் அப்படி என்ன நன்றாக இருப்பதாகக் கேட்டது என்று மட்டும் விசாரித்துச் சொல். அது எனக்குத் தெரிந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இருக்கலாம்.

சுண்டு


மார்ச் 26

சுண்டு,

யார் கேட்டது என்று வெளியே சொல்ல மாட்டார்கள். சில சமயம் ஆள் களைத்துப் போயிருக்கலாம். அதையே நினைத்து மனதை அலட்டிக்கொள்ளாதே.

ஏப்ரல் பத்தாம் தேதி எனக்கு லீவு கிடைக்கும். நேரில் வருகிறேன். அதுவரை பொறுத்துக்கொள். பதினைந்து நாள்தான்.

பெரியவள்


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

நீ நாளைக்கு வந்தால் வீட்டில் இருக்க மாட்டேன், அதனால் இதை அத்தையிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆஸ்பத்திரியில் இரண்டாம் மாடி வார்டில் இருக்கிறேன். பேனாவை நர்ஸம்மாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதனால் சுருக்கமாக.

மூன்றாம் தேதி காலை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் போனேன். எங்கே போவதென்று திட்டம் எதுவும் இல்லை. டிக்கெட் கவுண்டருக்கு எதிரே பெஞ்சில் அவளைப் படுக்க வைத்தேன். வெயில் படாத பக்கமாகப் பார்த்து வைத்தேன், போர்வையைச் சரி செய்தேன், யாராவது தேடினால் ஒரு எண் இருக்கட்டும் என்று போனைப் போர்வைக்குள் வைத்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். மூன்றாவது நிறுத்தத்தில்தான் கை காலியாக இருப்பது தெரிந்தது. இறங்கி ஓடி வந்தேன். நாற்பது நிமிடம்.

அதற்குள் டிக்கெட் கொடுக்கிற அம்மா பிள்ளையை மடியில் வைத்திருந்தார். நல்ல மனுஷி. ஒன்பது மணிக்குப் போன் அடித்ததாம். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எடுத்து அழுத்தியிருக்கிறார். இன்று எப்படி இருக்கிறீர்கள் என்று அது கேட்டிருக்கிறது. பாப்பா ஒரு நிமிடம் முழுக்க வீறிட்டு அழுதிருக்கிறாள். உச்சக் குரல், நடுவே நிறுத்தமே இல்லை, வால் கீழே விழவில்லை. நீ சொல்லித் தந்த எல்லாம் அதில் இருந்திருக்க வேண்டும். பச்சை வந்ததாம்.

பாப்பா இப்போது அத்தையிடம். 24ஆம் தேதி குழந்தைகள் நல அலுவலகத்தில் விசாரணை. அங்கிருந்து வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "உடம்புக்கு முடியாம செஞ்சீங்கன்னா சட்டம் வேற மாதிரி பாக்கும்மா. ஆனா ஒன்றரை மாசமா பச்சை. ரெண்டே நாள் மஞ்சள், அப்புறம் ஒரு நிபுணரே கேட்டு ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்கார். அப்போ தெரிஞ்சுதானே விட்டுட்டுப் போனீங்க?" நோய் என்று தீர்ப்பானால் குணமாகிப் பிள்ளையை வாங்கிக்கொள்ளலாம். தெரிந்தே கைவிட்டேன் என்று ஆனால் அவள் என்னுடையவள் இல்லை.

நீ சொல்லித் தந்ததைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். உனக்கு இருப்பது அந்த வேலை ஒன்றுதான்.

சுண்டு


ஏப்ரல் 15

சுண்டு,

பத்தாம் தேதி வந்தேன். ரத்த உறவு என்றாலும் ஒரு வாரம் பார்க்க விட மாட்டோம் என்றார்கள். கீழே வராந்தாவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். நேரில் சொல்ல முடியாமல் போனதில் எனக்கு ஒரு கோழைத்தனமான நிம்மதி வந்தது. அதனால் எழுதித் தொலைக்கிறேன்.

உன் புதன்கிழமைக் குரலைக் கேட்டது நான்தான்.

முதல் ஆள் மூன்று போட்டிருந்தாள். இரண்டாவது ஆள் ஒன்று. என்னிடம் வந்தது. நாலு நொடியில் உன் குரல் என்று தெரிந்துவிட்டது. தெரிந்த குரல் வந்தால் எண் போடாமல் வேறு ஆளுக்குத் தள்ளிவிட ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் எப்படித் தெரியும், அவளிடம் என்ன பேசினாய் என்று கேட்பார்கள். பயந்தேன். அது ஒரு காரணம், ஆனால் அது மட்டும் என்றால் நான் ஒன்றாவது போட்டிருப்பேன். பூஜ்யம் போட்டேன். ஏன் என்று இந்த ஒரு மாதமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் குரல் அம்மா பேசுகிற மாதிரியே இருந்தது. அந்த மெதுவும், வாக்கியம் பாதியில் கீழே விழுவதும். என் காதுக்கு அது வீட்டுக் குரல். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, 'தலைவலி, கதவைச் சாத்து' என்று சொல்வது மாதிரி. நம் வீட்டில் அது நோய் இல்லையே, கிழமை. அதனால் பூஜ்யம்.

உனக்கு மட்டும் இல்லை. பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வருடமாக, அம்மாவைவிட மோசமாகப் பேசியவர்களுக்குத்தான் நான் மூன்று போட்டிருக்கிறேன். அம்மாதான் என் அளவுகோல். மெஷின் அந்த அளவுகோலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டது. நீ எழுதிய அந்தப் பதின்மூன்று பேரில் எத்தனை பேர் என் கையால் உட்கார வைக்கப்பட்டவர்கள் என்று எண்ண எனக்குத் தைரியமில்லை.

இன்னொன்று. அந்த ரெண்டு நாள் லீவு இல்லை. அம்மா நம் இருவரையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்குப் பதினொன்று, உனக்கு நாலு. அலமாரியில் பிஸ்கட் பாக்கெட் மூன்று இருந்தது. நீ அழக் கூடாதென்று லீவு என்று சொன்னேன், சுவரில் படம் போடச் சொன்னேன். மூன்றாம் நாள் காலை வந்தாள், தலைவலி என்று படுத்துக்கொண்டாள், யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நான் சொல்ல வந்தது அதுதான். நீ போகச் சொன்னாய், நானும் ஒரு சாக்கு கிடைத்ததென்று போய்விட்டேன்.

உன் படிவத்தில் இல்லை என்று குறித்ததற்கு நீ பொறுப்பில்லை. உன்னை அப்படிக் குறிக்க வைத்தவள் நான்.

இன்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். உனக்குச் சொல்லித் தந்தது, பொத்தானை அழுத்தாதது, பூஜ்யம், அம்மா. ஒரு நகல் கம்பெனிக்கு, ஒன்று விசாரணை அதிகாரிக்கு. மாலையே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஹெட்போனையும். 24ஆம் தேதி அங்கே இருப்பேன். நீ என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

அக்கா


மே 11

அக்கா,

விசாரணை அன்றைக்கு உன் பக்கம் நான் திரும்பவே இல்லை. நீ எழுந்து நின்று, "அது என் தங்கச்சி குரல். எனக்குத் தெரிஞ்சுதான் பூஜ்யம் போட்டேன்"னு சொன்னபோது என் கை தானாகப் புடவையைச் சுருட்டிக்கொண்டிருந்ததை நர்ஸம்மா பார்த்திருக்கிறார். பதினைந்து நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு கோபமாக இருந்தேன். டாக்டர் அதை நல்ல அறிகுறி என்கிறார். அதையும் சொல்லிவிடுகிறேன், கோபம் போய்விடவில்லை.

நோய் என்று எழுதிவிட்டார்கள். ஆனால் ஆறு மாதம் பாப்பா அத்தையிடம்தான். புதன்கிழமை மட்டும் ஒரு மணி நேரம், இங்கே கீழ் அறையில், நர்ஸம்மா முன்னால். போன வாரம் அத்தை கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். அவள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு அத்தை பக்கம் கையை நீட்டினாள். அத்தை அழுதுவிட்டார்கள். நான் அழவில்லை. என்னைத் தவிர யார் கையில் இருந்தாலும் நன்றாக இருப்பாள் என்று சொன்னேன் அல்லவா. இருக்கிறாள். ஒரு கிலோ ஏறியிருக்கிறாள்.

இவர் லாரி வேலையை மாற்றிக் கேட்டிருக்கிறார். வந்தால் என்ன பேசுவதென்று தெரியாமல் என் செருப்பைத் துடைத்து வைத்துவிட்டுப் போகிறார்.

புது டாக்டர் ஒருவர் வருகிறார். காலையில் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்கிறார். இன்று எப்படி இருக்கிறீர்கள்? முதல் நாள் என் வாய் தானாக, "பாப்பா சிரிச்சா, நல்ல வெயில்"னு ஆரம்பித்தது. அவர் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. மறுநாளும் கேட்டார். நான் நிறுத்தினேன். பழக்கத்தில் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன், இரண்டு தாண்டியது, ஐந்து தாண்டியது, இந்நேரம் சிவப்பாகியிருக்கும் என்று நினைத்தேன். அவர் கடிகாரம் பார்க்கவில்லை. காலை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினொன்றாவது நொடியில், "நல்லா இல்லை" என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான்.

குடும்ப விவரப் படிவத்தை மறுபடி கொடுத்தார்கள். அம்மாவுக்கு என்று எழுதிவிட்டு அதற்கு மேல் எழுத வரவில்லை. எந்த வருடம், எத்தனை நாள், என்ன சொல்வாள் என்றெல்லாம் கேட்கிறது. எனக்கு நாலு வயது, எனக்குப் பிஸ்கட்தான் தெரியும். நீதான் வந்து எழுத வேண்டும்.

புதன்கிழமை மூன்று மணிக்கு வா. மூன்று நாற்காலி போடுவார்கள். ஒன்று எனக்கு, ஒன்று அத்தைக்கு. மூன்றாவதில் இதுவரை யாரும் உட்காரவில்லை.

வந்தால் என்னிடம் பேச வேண்டும் என்றில்லை. நானும் பேசுவேனா தெரியாது. பாப்பா அழுதால் மட்டும், அது எதற்காக அழுகிறது என்று நீ சொல்லாதே. நான் கேட்டுக்கொள்கிறேன்.

சுண்டு